குழியில்லாச் சான்றிதழ்

மனிதகுலம் உயர ஆசைப்பட்ட காலம் மலையேறிவிட்டது. இனித் தாழ்வதுதான் முன்னேற்றம். இந்த மகத்தான உண்மையைத் தன் சொந்தக் காரிலேயே நிரூபிக்கத் துணிந்தார் ஒரு சாலை ஆய்வாளர்.

அலுவலகத்தில் அவருக்கு ‘ரசமட்டம்’ என்று பெயர். மற்ற ஆய்வாளர்கள் வெயிலில் தெருத்தெருவாக அலைந்து சட்டையைப் பாழாக்கிக்கொள்வார்கள். இவர் நகர வரைபடத்தை மேஜையில் விரித்து, அதன்மேல் தளம் சமமா என்று குமிழியால் காட்டும் ரசமட்டக் கருவியை வைப்பார். குமிழி நடுவில் நிற்கும். ‘சாலை சமதளம், குழி ஏதுமில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார். பதினோரு ஆண்டுகளில் அந்தக் குமிழி ஒருமுறைகூட அவர் மனம் நோக நடந்ததில்லை. அப்படிப் பிறந்த ‘குழியற்ற நகரம்’ சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, எல்லா அலுவலகங்களுக்கும் அவரே அனுப்பிவைத்தார்.

அப்பேர்ப்பட்டவருக்குத் தன் கார் கொக்கு மாதிரி நிற்பதாக ஒருநாள் உறைத்தது. மூன்று வாரம் ஆராய்ந்தார். காரை இருபத்தைந்து மில்லிமீட்டர் தாழ்த்தும் ஸ்பிரிங் கோழைகளுக்கு, நாற்பது கோழையின் அண்ணனுக்கு, அறுபதுதான் தனக்கு என்று முடிவுகட்டினார்.

மெக்கானிக் பழைய ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, புதியதைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார்.

“சார், அறுபது வேணாம். அடி தட்டும்.”

“எதுல தட்டும்?”

“குழியிலதான் சார். ஆஸ்பத்திரி திருப்பத்துல ஒண்ணு கிடக்கே, ஆளையே முழுங்கிடும்.”

ஆய்வாளர் பையிலிருந்து சான்றிதழின் நகலை எடுத்து நீட்டினார். மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு மரியாதையாகப் படித்தார்.

“நான் படிச்சுட்டேன் சார். வண்டிக்குப் படிக்கத் தெரியாதே!”

ஆனாலும் மாட்டிக் கொடுத்தார். ஜாக்கியை இறக்கியதும் கார் வயிற்றைத் தரையோடு ஒட்டிக்கொண்டு படுத்தது. ஆய்வாளருக்கு ஆனந்தத்தில் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் பத்து மணிக்கு அவர் மனைவிக்குத் தலைமையாசிரியை பதவிக்கான நேர்காணல். ஆறு வருடம் காத்துக் கிடந்து வந்த அழைப்பு அது.

“நான் பஸ்லயே போயிடறேங்க. இதுல ஏற முடியல, விழத்தான் முடியுது.”

“தலைமையாசிரியை ஆகப்போறவ பஸ்ல தொங்கிட்டுப் போறதா? பேசாம உக்காரு.”

விழுந்து உட்கார்ந்தாள். ஒன்பதே முக்காலுக்கு ஆஸ்பத்திரி திருப்பத்தில் கார் ‘கிரீச்’ என்று அலறியது. முன்சக்கரங்கள் பள்ளத்துக்குள் தொங்க, வயிறு விளிம்பில் மாட்டிக்கொண்டது.

“என்னங்க இது?”

“இது குழி இல்ல. ரெக்கார்டுல கிடையாது.”

“அப்ப ரெக்கார்டு மேலயே ஓட்டியிருக்கலாமே!”

கதவின் அடி தாரில் அழுந்திக்கொண்டு திறக்க மறுத்தது. அவள் கைப்பையை வெளியே எறிந்தாள், ஜன்னல் வழியாகத் தானும் வெளியேறினாள், தன் படிப்புச் சான்றிதழ்களை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள். ஆய்வாளர் கடமை தவறவில்லை. ரசமட்டத்தை எடுத்து பானெட்மேல் வைத்தார். குமிழி ஒரே ஓட்டமாக ஒரு முனைக்கு ஓடியது. ‘கருவி பழுது’ என்று குறிப்பேட்டில் எழுதினார்.

சாயங்காலம் அவள் வந்தாள். அழுது முடித்த முகம்.

“வேலை என்னாச்சு?”

“அரை மணி லேட்டு. ஏன்னு கேட்டாங்க. ரோட்டுக் குழியில கார் மாட்டிக்கிச்சுன்னேன். மூணு பேரும் திரும்பிச் சுவத்தைப் பார்த்தாங்க.”

“சுவத்துல என்ன?”

“நீங்க அனுப்பினதுதான். கண்ணாடிச் சட்டத்தோட. குழியே இல்லாத ஊர்ல குழின்னு பொய் சொல்றவங்ககிட்ட பிள்ளைங்களை எப்படி ஒப்படைக்கிறதுன்னு அனுப்பிட்டாங்க.”

“வேற எதுவும் சொல்லலையா?”

“சொன்னாங்க. கையெழுத்து ரொம்ப அழகா இருக்காம்.”