ரேடியோ அண்ணா வாயை மூடிய வாரம்

தாம்பரத்தில் ரேடியோ அண்ணாவைப் போல விழுந்து விழுந்து படித்தவரும் கிடையாது, அவரைப் போலத் தவறாமல் ஃபெயிலானவரும் கிடையாது. பி.ஏ. வரலாற்றில் மற்ற பேப்பர்களை எப்படியோ தாண்டிவிட்டார். இந்திய வரலாறு மட்டும் அரியர்ஸாக நின்றுவிட்டது. அந்த ஒரு பேப்பரைப் பாஸ் செய்தால் கிண்டியில் அவர் மாமா பார்த்து வைத்திருந்த வேலை கிடைக்கும். இல்லாவிட்டால் மாமா வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். இது அவர் வீட்டு ரகசியம். ஆனாலும் எங்கள் காலனி முழுக்கத் தெரியும், ஏனென்றால் அவர் தன் ரகசியங்களையும் பாடம் படிக்கிற அதே உரத்த குரலில்தான் பேசுவார்.

எண்பதுகளின் நடுவில் முடிச்சூர் ரோட்டை ஒட்டியிருந்தது எங்கள் தெரு. வீடுகளை விடக் காலி மனைகள் அதிகம் என்பதால் சத்தம் தடையில்லாமல் போகும். பால் பாக்கெட் வருகிற நேரத்தில் ரேடியோ அண்ணா லுங்கி, மஃப்ளர் சகிதம் மொட்டை மாடிக்கு ஏறுவார். புத்தகத்தை விரித்து இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தபடி கத்த ஆரம்பிப்பார். அச்சில் இருக்கிற எதையும் விடமாட்டார். "பானிபட் போரின் விளைவுகள். படத்தைப் பார்க்க. பக்கம் எழுபத்தொன்று" என்று எல்லாவற்றையும் ஒரே ராகத்தில் ஒப்பிப்பார்.

தெருவே அவரை வைத்துத்தான் இயங்கியது. முதல் பானிபட் முடிந்தால் அப்பா குளிக்கப் போவார். இரண்டாவது முடிந்தால் தட்டில் இட்லி விழும். மூன்றாவது ஆரம்பித்துவிட்டால் செருப்பை மாட்டிக்கொண்டு எலெக்ட்ரிக் ட்ரெயினுக்கு ஓட வேண்டும். எதிரே இஸ்திரி வண்டி போட்டிருந்த ஏழுமலை ஒருநாள் தாங்க முடியாமல் கேட்டேவிட்டார்.

"இன்னா சார் இது, மூணு தபாவும் அங்கியே போய் சண்ட போட்டுகினு கீறாங்க? வேற எடமே கெடைக்கலியா?"

ரேடியோ அண்ணா நின்று, யோசித்து, "அது சிலபஸ்ல இல்ல" என்று பதில் சொல்லிவிட்டுத் தொடர்ந்தார்.

இதில் மானம் போனது எனக்கு. அந்தக் காலத்தில் பிள்ளை படிக்கிறதா என்பதை அம்மாக்கள் அடுப்படியில் இருந்தபடி காதால்தான் பார்த்துக்கொள்வார்கள். சத்தம் வந்தால் படிப்பு, நின்றால் தூக்கம். நானோ ப்ளஸ் டூ. மனசுக்குள் படிக்கிறவள். உண்மையைச் சொன்னால், மனசுக்குள்ளும் பெரும்பாலும் படிக்கவில்லை.

"எதிர்த்த வீட்ல அந்தப் பையன் தொண்டை கிழியப் படிக்கறான். நம்ம வீட்ல ஏதாவது சத்தம் கேக்குதா? வெளிய தலைகாட்ட முடியலடி எனக்கு" என்பாள் அம்மா.

சரி, சத்தம்தானே வேண்டும் என்று, உயிரியல் புத்தகத்துக்குள் வாரப் பத்திரிகையை வைத்து, அதில் வந்த மர்மத் தொடர்கதையைப் பாடம் ஒப்பிக்கிற ராகத்தில் உரக்கப் படித்தேன். அம்மாவுக்கு அன்று அவ்வளவு சந்தோஷம். மறுநாள் பக்கத்து வீட்டு மாமி காம்பவுண்டுச் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "ஏண்டி, கதவைத் தட்டினது யாரு? அதோட நிறுத்திட்டியே, ராத்திரி பூரா எனக்குத் தூக்கமே வரல" என்று கேட்டாள். அம்மா என் பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

அதன் பிறகு என்னையும் எங்கள் மொட்டை மாடிக்கு ஏற்றிவிட்டார்கள். குறுக்கே தெரு. அந்தப் பக்கம் பானிபட், இந்தப் பக்கம் என் உயிரியல் பாடத்துக் கரப்பான்பூச்சி. நான் வெட்கத்தில் முணுமுணுப்பேன். அவர் தன் பாடத்தை நிறுத்திவிட்டு, "தங்கச்சி, சத்தம் பத்தல!" என்று உற்சாகப்படுத்துவார். காலாண்டுத் தேர்வு பேப்பர் கொடுத்த அன்று, "உயிரியல்ல எவ்வளவு?" என்று அங்கிருந்தே கேட்டார். நான் உதட்டை மட்டும் அசைத்தேன்.

"முப்பத்திரண்டா? இருநூத்துக்கா?"

இஸ்திரிப் பெட்டி அப்படியே நின்றது. கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதேன். சற்று நேரம் கழித்து அவருக்கு உறைத்திருக்க வேண்டும். தன்னால் முடிந்த அளவுக்குக் குரலைத் தாழ்த்தி, "வெக்கப்படாத தங்கச்சி, எனக்குப் போன தடவ அதுவும் வரல" என்றார். அதுவும் தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

"இவ்வளவு படிக்கறீங்களே அண்ணா, அப்புறம் ஏன் வரல?" என்று கேட்டேன். பாவம், அன்றுதான் விஷயத்தைச் சொன்னார். பரீட்சை ஹாலில் வாயைத் திறந்தால்தான் அவருக்கு ஞாபகம் வரும். கேள்வியைப் பார்த்ததும் உதடு தானாக ஆரம்பித்துவிடும். சுற்றியிருப்பவர்கள் கேட்டுக் கேட்டு எழுதுவார்கள். சூப்பர்வைசர் வந்து, "வாயை மூடுறியா, வெளிய போறியா?" என்பார். வாயை மூடினால் மூளையும் மூடிக்கொள்ளும். போன தடவை அவரைச் சுற்றி உட்கார்ந்த அத்தனை பேரும் பாஸாம்.

எனக்கு மனசு உருகிவிட்டது. அந்த உருக்கத்தில் ஒரு யோசனையும் சொல்லித் தொலைத்தேன். "வாய் நிறையத் தண்ணி வெச்சுக்கிட்டுப் படிங்கண்ணா. பேசணும்னு நெனச்சாலும் முடியாது. பழகிடும்."

மறுநாள் காலை தெருவில் ஒரு சத்தமும் இல்லை. பானிபட் வரவில்லை, ஆகவே அப்பா குளிக்கவில்லை. இட்லி வேகவில்லை. முக்கால்வாசிப் பேர் ட்ரெயினைத் தவறவிட்டார்கள். அதன் பிறகுதான் எல்லோருக்கும் பகீர் என்றது. அந்தப் பையனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அவர் வீட்டு வாசலில் கூட்டம் கூடிவிட்டது. காலனி சங்கத் தலைவர் வெள்ளைச் சட்டையில் முன்னால் நின்றார். ரேடியோ அண்ணா கன்னம் இரண்டும் உப்பி, புத்தகத்தோடு இறங்கி வந்தார்.

"என்னப்பா ஆச்சு? ஏன் படிக்கல?" என்றார் தலைவர்.

அண்ணா கையை ஆட்டினார். தலையை ஆட்டினார். பதில் மட்டும் வரவில்லை.

"ஐயையோ, வாய் இஸ்துகிச்சு! மூஞ்சப் பாரு, வீங்கிக்கினு கீது!" என்று அலறிய ஏழுமலை, பாய்ந்து வந்து அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். அவ்வளவு தண்ணீரும் தலைவர் சட்டையில். அது ஏழுமலையே அன்று காலை கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடுத்த சட்டை.

இருமி முடித்ததும் ரேடியோ அண்ணா என் பக்கம் கையை நீட்டினார். "தங்கச்சிதான் சொல்லிச்சு." மொத்தத் தெருவும் திரும்பியது. முப்பத்திரண்டு வாங்கியவள் பி.ஏ.வுக்கு யோசனை சொன்னாளா என்று ஒரு பார்வை. எனக்கு அங்கேயே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

ஆனாலும் மனிதர் விடவில்லை. அந்த வாரம் முழுக்கத் தண்ணீரோடுதான் படித்தார். ஒப்பிக்க முடியாத ஏக்கத்தில் கை பரபரத்து, தரையில் சாக்பீஸால் கிறுக்க ஆரம்பித்தார். அதைப் பார்த்துத்தான் எனக்குப் புத்தி வேலை செய்தது. "அப்படியே பண்ணுங்கண்ணா! ஒரு பக்கம் படிச்சிட்டுப் புத்தகத்த மூடிடுங்க. பாக்காம எழுதுங்க" என்றேன். மாடி முழுக்க எழுதுவார், தண்ணீர் ஊற்றிக் கழுவுவார், மறுபடி எழுதுவார். அவர் அம்மா அங்கே காயப்போட்ட அப்பளத்தில் மராட்டியப் படை வெள்ளை வெள்ளையாக ஒட்டிக்கொண்டது. வாய் பேசியதையெல்லாம் கை பேசக் கற்றுக்கொண்டுவிட்டது. அக்டோபரில் எழுதினார், பாஸானார், பொங்கல் கழிந்ததும் கிண்டிக்கு வேலைக்குப் போய்விட்டார்.

தெரு அமைதியானது. எல்லோரும் அலாரம் வாங்கினார்கள். படிப்பு படுத்துவிட்டது எனக்குத்தான். நான் திட்டிக்கொண்டே கேட்ட அந்தக் குரல்தான் இத்தனை நாள் என்னை எழுப்பி உட்காரவைத்திருக்கிறது என்பது அது நின்ற பிறகுதான் தெரிந்தது. பொதுத் தேர்வு நெருங்க நெருங்க நான் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். அம்மாவுக்கு வெளியே சொல்லவும் வெட்கம். ஆனாலும் எதிர்வீட்டில் போய்ச் சொல்லி அழுதிருக்கிறாள்.

மறுநாள் விடியலில் படுக்கையிலிருந்து தூக்கிவாரிப்போட்டு எழுந்தேன். "கரப்பான்பூச்சியின் வாயுறுப்புகள்! படத்தைப் பார்க்க!"

எங்கிருந்தோ ப்ளஸ் டூ உயிரியல் புத்தகம் ஒன்றை வாங்கிவந்து, வேலைக்குப் போகும் பேன்ட் சட்டையோடு மாடியில் நின்று கத்திக்கொண்டிருந்தார் ரேடியோ அண்ணா. அவருக்கு அதில் ஒரு வார்த்தை புரியாது. நான் சாக்பீஸோடு எங்கள் மாடிக்கு ஓடினேன். தினமும் அவர் படிப்பார், நான் கேட்டுவிட்டுப் பார்க்காமல் எழுதுவேன். இஸ்திரி வண்டியிலிருந்து பால்காரர் வரைக்கும் அது யார் பாடம் என்று தெரியும். அந்த வெட்கத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் ஒருநாள் காலை, "முயலின் இனப்பெருக்க மண்டலம்!" என்று தலைப்பைக் கத்திவிட்டுத் திகைத்து நின்றார். எங்கள் வீட்டு ஜன்னல்கள் படபடவென்று சாத்தப்பட்டன. தெருவில் ஒரு அசைவில்லை. கீழேயிருந்து ஏழுமலை மட்டும், "இன்னா சார், நிறுத்திகினே? மொயலுக்கு இன்னா ஆச்சு?" என்றார்.

ரேடியோ அண்ணா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். மஃப்ளரால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பத்து மார்க் கேள்வி தங்கச்சி" என்று சொல்லிவிட்டு, கண்ணை இறுக மூடி மூடித் திறந்து அந்தப் பாடத்தை முழுசாகப் படித்து முடித்தார். பரீட்சையில் அதே கேள்வி வந்தது. விடையோடு "படத்தைப் பார்க்க" என்பதையும் சேர்த்தே எழுதிவைத்தேன்.

ரிசல்ட் வந்த அன்று மாடிக்கு வந்து நின்றேன். எதிரே அவர். "எவ்வளவு?" என்று கையால் மட்டும் கேட்டார். நான் உதட்டை அசைத்தேன். அவர் முகம் அப்படியே மலர்ந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. பழையபடி எனக்கு அவமானமாகிவிடுமோ என்று, தண்ணீர் இல்லாமலேயே கன்னத்தை உப்பவைத்துக்கொண்டு நின்றார்.

எனக்குத் தாங்கவில்லை. "நூத்தி நாப்பத்தாறு! இருநூத்துக்கு!" என்று தெருவே கேட்கும்படி கத்தினேன். கத்திவிட்டு, வெட்கம் பிடுங்கித் தின்ன, படியிறங்கி ஓடிவிட்டேன்.

இன்றைக்கும் நான் மனசுக்குள்தான் படிக்கிறேன். ஆனால் எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும், உள்ளே படிப்பது என் குரல் இல்லை.