கால்விரல்களால் உயர்ந்தவர்

ஜூன் பதினெட்டு, விடியற்காலை முதல் விடாத தூறல். மருத்துவ இதழ்களுக்கு ஆண்டு மதிப்பெண் வெளியாகும் நாள். 'அலையேறி' என்னும் இனத்தை அடையாளம் காண இதைவிட உகந்த நாள் கிடையாது, வாசகரே. அலை தம்மைத் தூக்கியதைத் தாமே வளர்ந்ததாக எண்ணுபவர் எவரோ, அவரே அலையேறி.

நாம் காணவிருக்கும் அலையேறி, பாத நோய்களுக்கான இதழொன்றின் ஆசிரியர். ஓர் இதழின் கட்டுரைகளைப் பிற மருத்துவர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதைக் கொண்டே அதற்கு மதிப்பெண் தருகிறார்கள். குதிகால் வலியை யார் மேற்கோள் காட்டுவார்கள்? பல்லாண்டுகளாக அவ்விதழ் கடைசி வரிசையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

பெருந்தொற்று வந்தது. தொற்று கண்டவர்களில் சிலருக்குக் கால்விரல் சிவக்கிறது என்று யாரோ எழுதியனுப்பிய கட்டுரையை, பக்கத்தை நிரப்ப வேறொன்றும் அகப்படாமையால் ஆசிரியர் வெளியிட்டார். நுரையீரல் மருத்துவர் மேற்கோள் காட்டினார்; தோல் மருத்துவர் காட்டினார்; நோயாளியின் பாதத்தை ஒருநாளும் பார்த்திராத மனநல மருத்துவரும் காட்டினார். மதிப்பெண் நான்கு மடங்காயிற்று.

அப்புறம் அவரைப் பிடிக்க முடியுமா? அறைக் கதவிலும், மின்னஞ்சலின் அடியிலும், மகளின் திருமண அழைப்பிதழில் தம் பெயருக்குக் கீழேயும் அம்மதிப்பெண்ணைப் பொறித்தார். 'தலைமைப் பண்பு' குறித்து ஊர் ஊராகச் சொற்பொழிவாற்றினார். எந்தக் கட்டுரை வந்தாலும் தலைப்பில் 'பெருந்தொற்றுக் காலத்தில்' என்று சேர்க்கச் சொல்லி, 'பெருந்தொற்றுக் காலத்தில் செருப்புக்கடி' வரைக்கும் வெளியிட்டார்.

தொற்று ஓய்ந்தது. உலகமே நிம்மதிப் பெருமூச்சு விட்டது. இவர் ஒருவர்தாம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

இன்று காலை வெளியான மதிப்பெண், இதழை மீண்டும் கடைசி வரிசையில் உட்கார்த்திவிட்டது. மாலையில் இதழ்க்குழு கூடியது. ஆசிரியரை நீடிக்க விடுவதா, மாற்றுவதா? இதுவே பொருள். தலைமை வகித்த எலும்பு மருத்துவர் இவருடைய கல்லூரித் தோழர்.

"டேய், இங்க உக்காந்திருக்கறவங்கள்ல பாதிப் பேர் உன்னை மாத்தணும்ங்கறாங்க. ஒழுங்கா பதில் சொல்லு, காப்பாத்திடறேன். மார்க் ஏன் இறங்கிச்சு?"

"நான் என்னடா பண்ணுவேன்? கொரோனா போயிடுச்சு. இப்ப எவன் கால்விரலைப் பாக்கறான்? எத்தனையோ இதழுக்கு இறங்கியிருக்கு, எனக்கு மட்டுமா?"

நியாயமான பதில். முறைத்துக்கொண்டிருந்த முகங்கள் இளகின. ஒருவர் தலையசைக்கக்கூடச் செய்தார். இன்னும் ஒரே ஒரு கேள்விக்கு உண்மையைச் சொல்லிவிட்டால் நாற்காலி அவருடையது.

சிரிக்காதீர், வாசகரே. வினாத்தாள் எளிதாக அமைந்த ஆண்டில் தம் கற்பித்தலைத் தாமே மெச்சிக்கொண்டவர்கள் உண்டு. தெருவெங்கும் வீட்டு விலை ஏறியபோது, "அப்பவே வாங்கினேன் பாரு, எப்படி என் மூளை!" என்று மனைவியிடம் மீசையை நீவியவர் நீராகவும் இருக்கலாம். உம்மிடமும் ஒருநாள் இதே கேள்வி வரும். பதிலை இப்போதே எண்ணி வையும்.

தோழர் கண்ணாடியைக் கழற்றினார். "சரிடா, இறங்கினது கொரோனா போனதால. அப்ப, அன்னிக்கு ஏறினது யாரால?"

"என்னாலதான்."