கூர்முனை வாட்ச்

“இனிமேல் சாகிற வரைக்கும் ஒரு வாட்ச் வாங்க மாட்டேன். வாங்கினா இந்தச் சின்ன ரூம் உனக்கு!”

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் மனைவியிடம் இப்படிச் சத்தியம் செய்தார். முதல் வாக்கியத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கேட்காததையும் சேர்த்துக் கொடுப்பது அவருடைய வியாபாரப் பழக்கம்.

வீட்டிலேயே நல்ல வெளிச்சம் விழுவது அந்தச் சின்ன அறையில்தான். கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு பழைய வாட்ச்களை ஆராய்வதற்காக அதை அவர் வளைத்துப் போட்டிருந்தார். மனைவி சாப்பாட்டு மேஜை ஓரத்தில் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு தெருவில் பாதிப் பேருக்குத் துணி தைத்தாள். அதனால் சாப்பாட்டில் அடிக்கடி நூல் வரும். ஒரு தடவை பட்டன் வந்தது. அதைக் கடித்த பிறகுதான் மேல் வீட்டுப் பல் டாக்டர் இவருக்கு நெருங்கிய நண்பரானார்.

சத்தியம் செய்யும்போதே மனுஷர் மனசுக்குள் ஒரு திட்டம் வைத்திருந்தார். அவர் கையில் கட்டியிருந்தது ஒரு பெரிய கம்பெனியின் பழைய உயர்தர வாட்ச். அதற்கு ஓர் அண்ணன் உண்டு. அதே முகம், அதே முள், அதே கனம். சாவி கொடுக்கிற குமிழுக்கு இரண்டு பக்கமும் காவல் நிற்கிற மாதிரி இரண்டு சின்ன முனைகள் இருக்கும். தம்பிக்கு அவை உருண்டை. அண்ணனுக்குக் கூர். கம்பெனிக்காரன் கொஞ்ச காலம் கூராகச் செய்துவிட்டு, என்ன நினைத்தானோ, மழுக்கிவிட்டான். அந்தக் கூருக்காகத் தூக்கத்தைத் தொலைத்தவர்கள் உலகத்தில் சிலர் இருக்கிறார்கள். நம்மவருக்கும் தூக்கம் போய் ரொம்ப நாளாகிறது.

வெள்ளிக்கிழமை அண்ணனை வாங்கினார். தம்பியின் பட்டையைக் கழற்றி அண்ணனுக்கு மாட்டினார். தம்பியைக் கடையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் போட்டு மூடினார். கை வீசிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

“மணி என்ன?” என்று மனைவி கேட்டாள்.

அவர் மணிக்கட்டை அவள் மூக்குக்கு நேராகவே நீட்டினார். அவள் பார்த்தாள். “ஏழாயிடுச்சா?” என்று சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோக்கப் போனாள். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுச் சிரித்தார். அப்படியே குளித்துவிட்டும் வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மனைவி பல் டாக்டரைக் காபிக்குக் கூப்பிட்டிருந்தாள். டாக்டர் உட்கார்ந்தார். இவரும் எதிரே உட்கார்ந்தார். அவள் மெஷினை ஓட்டியபடியே பேச்சை ஆரம்பித்தாள்.

“டாக்டர், இவர் கட்டியிருக்கிற வாட்ச் எந்தக் காலத்ததுன்னு நீங்க சொல்லுங்களேன். இவர் ரொம்பப் பழசுன்னு சொல்றார்.”

டாக்டருக்கு வாட்ச் பற்றி ஒன்றும் தெரியாது. அது அவரைத் தடுக்கவில்லை. இவர் மணிக்கட்டைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

“அப்படி ஒண்ணும் பழசு இல்லையே. பின்னாடி வந்த மாடல் இது. கொத்துக் கொத்தாப் பண்ணித் தள்ளினாங்க.”

நம்மவர் காது சிவந்தது. பல்லைக் கடித்துக்கொண்டார்.

“நானும் அப்படித்தான் நினைச்சேன்” என்றாள் மனைவி. “பாவம், யாரோ இவர் தலையில கட்டிட்டான்.”

“யார் தலையில யார் கட்டினது?”

“விடுங்க. எல்லாருக்கும் எல்லாம் தெரியணும்னு இருக்கா?”

“எனக்கா தெரியாது?”

“டாக்டர் படிச்சவர். அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

“பல்லைப் பார்த்தே வயசு சொல்லிடுவேன் நான். வாட்ச் என்ன பெரிய விஷயம்!” என்றார் டாக்டர்.

அறை போனாலும் பொறுத்திருப்பார். மானம் போனாலும் துடைத்துக்கொண்டு போயிருப்பார். காலத்தைத் தப்பாகச் சொன்னால் மட்டும் அவரால் தாங்க முடியாது. வாட்சைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“இங்க பாருங்க டாக்டர்! இந்த முனை எப்படி இருக்கு? கூரா இருக்கா இல்லையா? நீங்க சொல்ற காலத்துல எல்லாம் உருண்டையாக்கிட்டான். இது அதுக்கு முந்தினது. ஊர்ல தேடினாலும் இன்னொண்ணு கிடைக்காது. உருண்டை எப்படி இருக்கும்னு தெரியணுமா? என் பழைய வாட்சை எடுத்துட்டு வந்து பக்கத்துல வச்சுக் காட்டட்டுமா?”

தையல் மெஷின் நின்றது.

“காட்டுங்க” என்றாள் மனைவி.

அவர் வாயைத் திறந்தார். மூட மறந்துவிட்டார். திறந்த வாயைக் கண்டதும் டாக்டர் பழக்கதோஷத்தில் குனிந்து உள்ளே பார்த்தார். பிறகு நிலைமை புரிந்து, பாதிக் காபியோடு மாடிக்கு நழுவினார்.

சாயங்காலம் தையல் மெஷின் இடம் மாறியது. ஒரு பக்கம் அவள் பிடித்தாள், மறுபக்கம் அவர் பிடித்தார். லென்ஸ், திருப்புளி, சின்ன டப்பாக்கள் எல்லாம் மூட்டையாகக் கட்டப்பட்டு வராந்தாவில் கிடந்தன. அவருக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாக ஆச்சரியம் வந்தது. இத்தனை வருஷத்தில் தன்னளவு கூர்மையான கண்ணை அவர் பார்த்ததில்லை. அது தன் வீட்டிலேயே இருந்திருக்கிறது.

“ஒண்ணு மட்டும் சொல்லும்மா” என்றார் பணிவாக. “வெள்ளிக்கிழமையே உனக்குத் தெரிஞ்சிடுச்சு இல்லையா? எதை வச்சுக் கண்டுபிடிச்சே? முனையா? எழுத்தோட நிறமா?”

“எனக்கு எந்த வாட்சைப் பார்த்தாலும் ஒண்ணுதாங்க.”

“அப்புறம் எப்படி?”

அவள் மெஷினை ஜன்னல் பக்கமாக நகர்த்திக்கொண்டே சொன்னாள்:

“வாட்ச் வாங்கின அன்னிக்கு மட்டும்தான் நீங்க குளிச்சிட்டு ஈரத் துண்டைக் கட்டில்ல வீசாம கொடியில காயப்போடுவீங்க.”