நீண்ட காதுக்காரன்

மூடியைத் திறந்ததும் எர்வேயின் முகம் வெளிறிவிட்டது. பாத்திரத்தில் முயல் கறி.

படகு துறைமுகத்தை விட்டு வெகுதூரம் வந்திருந்தது. பிரான்ஸின் இந்த மேற்குக் கரையில் எந்தப் பாய்மரப் படகிலும் அந்தப் பிராணியை ஏற்ற மாட்டோம்; ஏற்றினால் படகு முழுகும் என்பது நம்பிக்கை. பேரைக்கூடச் சொல்ல மாட்டோம். சொல்லியே ஆகவேண்டும் என்றால் 'நீண்ட காதுக்காரன்' என்போம். எர்வேயின் மனைவி சொலேன் உள்நாட்டு மாட்டுப் பண்ணையில் பிறந்தவள். அவளுக்கு அது வெறும் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு.

"என்ன இது?"

"முயல். உனக்குப் பிடிக்குமேன்னு விடியக்காலமே எழுந்து பண்ணேன்."

"பேரச் சொல்லாதேடி."

"சரி, நீண்ட காதுக்காரன். ஆறிடப் போகுது, சாப்பிடு."

எர்வே கறியைப் பாத்திரத்தோடு கடலில் எறிந்தான். அது சொலேனின் அம்மா கொடுத்த பாத்திரம். பிறகு படகைத் திருப்பி, "அந்தக் கயித்த விடு, அது இல்ல, இது. ஐயோ, இது இல்ல, அது" என்று கரை வரைக்கும் கத்திக்கொண்டே வந்தான். சொலேன் ஓரத்தைப் பிடித்தபடி குடலே வெளியே வரும்போல வாந்தி எடுத்தாள்.

"பாத்தியா? பேரச் சொன்னதுக்குக் கைமேல் பலன்," என்றான்.

அவன் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். மத்தி மீன் டப்பாத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளன். ஆயுசு முழுக்கக் கத்தியே வேலை வாங்குகிறவன். ஓய்வு பெற்றதும் மனைவியோடு பாய் விரித்து அயர்லாந்து வரை போகவேண்டும் என்பதுதான் அவனுடைய ஒரே கனவு. அவள் இல்லாமல் போக அவனுக்கு மனசே இல்லை. அது உண்மையான பிரியம்தான். பிரியத்தை எந்தக் குரலில் சொல்வது என்பதுதான் அவனுக்குத் தெரியாது.

முதலில் மாத்திரை வாங்கிக் கொடுத்தான். அவள் போகும்போதும் தூங்கினாள், வரும்போதும் தூங்கினாள்.

"கடலப் பாக்கத்தானே கூட்டிட்டு வந்தேன்? கண்ணத் தொற."

அடுத்து, பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் லைஃப் ஜாக்கெட் வாங்கி, முதுகில் தன் கையாலேயே பெரிதாக 'சொலேன்' என்று எழுதிக் கொடுத்தான்.

"நான் என்ன மாடா, பேர் எழுதி விடறதுக்கு?"

"விழுந்தா தேட வேணாமா?"

ஒருநாள் அவளே கேட்டாள். "சுக்கான கொஞ்ச நேரம் நான் பிடிக்கட்டுமா?"

"பொறு, காத்து அடங்கட்டும்."

காற்று அடங்கியது. "இப்ப தா."

"காத்தே இல்லையே. இப்பப் பிடிச்சு என்ன பண்ணப் போற?"

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. மாதா கோயில் பாடகர் குழுவில் சேர்ந்துவிட்டதாகவும் செவ்வாய்க்கிழமைதோறும் பயிற்சி என்றும் சொன்னாள். எர்வே சந்தோஷமாகத் தலையாட்டினான்.

மாதக்கணக்கில் யோசித்ததில் அவனுக்கு ஒன்று உறைத்தது. குற்றம் படகின் மேல். 'குவெனிலி' சின்னப் படகு. அலையில் ஆடத்தான் செய்யும். அதை விற்றுவிட்டுப் பெரிதாக ஒன்று வாங்குவது என்று முடிவு கட்டினான்.

"குவெனிலியவா விக்கப் போற?" சொலேன் கரண்டியைக் கீழே வைத்தாள். "நெசமாவா?"

"உனக்காகத்தான்."

அவள் கண் கலங்கியதைப் பார்த்து அவன் கைக்குட்டையை எடுத்து நீட்டினான்.

"ஊர்ல அப்பா நிலத்துல என் பங்க வித்துட்டேன்," என்றாள் அவள் மெதுவாக. "எனக்குன்னு ஏதாவது வாங்கிக்கலாம்னு இருக்கேன்."

"வாங்கேன். புது அடுப்பு வாங்கு," என்றான் பெருந்தன்மையோடு.

தரகர் ஒரே வாரத்தில் குவெனிலியை விற்றுக் கொடுத்தார். வாங்கியது யார் என்று மட்டும் சொல்ல மறுத்துவிட்டார். படகு பக்கத்துத் துறைமுகத்துக்குப் போய்விட்டது. எர்வே அன்று குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதான்.

புதுப் படகில் சமையலறை, மெத்தை, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை எல்லாம் இருந்தன. சொலேன் ஏறினாள். "அந்த முடிச்ச ஏன் தொட்டே? யாரு தொடச் சொன்னா?" என்று எர்வே ஆரம்பித்தான். படகு இன்னும் கரையில்தான் கட்டியிருந்தது. அப்போதே வாந்தி எடுத்துவிட்டாள்.

அத்தோடு அவன் கைகழுவிவிட்டான். மதுக்கடையில் யார் கேட்டாலும், "சொலேனுக்குக் கடல் ஒத்துக்காது, பாவம். சில உடம்பு அப்படி," என்பான். பெரிய படகைத் தனியாக ஓட்டவும் முடியாது. விடுமுறை நாட்களில் அதில் போய் உட்கார்ந்து பூப்போட்ட திரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வருவான்.

சொலேனோ செவ்வாய்க்கிழமைகளில் முகம் சிவக்கத் திரும்பி வந்து, ரெண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டாள். உள்ளங்கை காய்த்திருந்தது.

"பாட்டுக்கும் கைக்கும் என்னடி சம்பந்தம்?"

"கோயில் மணி அடிக்கிறேன்," என்றாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை தொழிற்சாலையில் கொதிகலன் கெட்டு, சீக்கிரமே எல்லாரையும் அனுப்பிவிட்டார்கள். போகவும் இடமில்லாமல், ஓடாத படகுக்கு டீசல் போட எர்வே துறைமுகத்துக்குப் போனான். பம்பில் இருந்த நொல்வென் வேலைக்குப் புதிது. அவனை அறியாதவள்.

அப்போதுதான் குவெனிலி உள்ளே வந்தது. அதன் முகப்பில், வெள்ளை வண்ணத்தில், காது நீண்ட முயல் ஒன்று வரைந்திருந்தது.

"எவன்யா இந்தப் பைத்தியக்காரன்?" எர்வேக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "போயும் போயும் அதையா வரைவான்? முழுகப் போறான்."

படகு முழுகவில்லை. எதிர்க்காற்றில், எஞ்சின் போடாமல் திரும்பி, சரியான இடத்தில் பாயை இறக்கி, கல்சுவரில் சத்தமில்லாமல் வந்து ஒட்டியது. இத்தனை வருஷத்தில் எர்வே ஒருநாள்கூட அதை அப்படிக் கொண்டுவந்து சேர்த்ததில்லை. யாரும் கத்தவும் இல்லை.

ஓட்டி வந்த ஆள் கயிறு கட்டத் திரும்பியபோது ஆரஞ்சு முதுகு தெரிந்தது. முதுகில் எர்வேயின் கையெழுத்து.

டீசல் வழிந்து அவன் செருப்பை நனைத்தது. நொல்வென் குழாயை வாங்கி மூடினாள்.

"அந்தம்மா அழகா ஓட்டுறாங்கல்ல?" என்றாள். "செவ்வாய்க்கிழமை வகுப்புல பாய் பிடிக்கக் கத்துக்கிட்டாங்களாம். இப்பல்லாம் தனியாத்தான் வருவாங்க. கேட்டா, வீட்டுக்காரருக்குக் கடல் ஒத்துக்காதாம், பாவம்."