வெள்ளிக்கிழமை நாற்காலி

ஆரணியில் நாற்காலிக்காக அண்ணன் தம்பியே அடித்துக்கொள்வார்கள். கிடைத்த நாற்காலியை வாராவாரம் தானம் செய்த ஒரே மனிதர் எங்கள் நெசவாளர் சங்கத்து மேனேஜர்தான். ஊர் அவருக்கு 'வெள்ளிக்கிழமை' என்றே பெயர் வைத்திருந்தது.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எங்களில் ஒருவர் அவர் நாற்காலியில் உட்கார வேண்டும். உட்காருகிறவரின் வேலையை அன்று முழுக்க அவர் செய்வார்.

"ஏன் சார் இந்தப் பேஜார்?" என்று கேட்டால், "இந்தச் சங்கத்துக்கு ஒரு மேனேஜர் பத்தாதும்மா. நாளைக்கு நான் இல்லன்னா நீங்க முழிச்சிகினு நிக்கக் கூடாது. உங்க வேலை எங்க வலிக்குதுன்னு எனக்கும் தெரியணும்" என்பார்.

பியூன் முனுசாமியின் முறை வந்தபோது மேனேஜர் ஆபீஸ் பெருக்கினார். அள்ளிய குப்பையைவிடக் கிளப்பிய புழுதி அதிகம். பிறகு டீயோடு போய் நின்றார். நாற்காலியில் சொக்கிக்கொண்டிருந்த முனுசாமி கண்ணைத் திறக்காமலே, "அங்க வச்சிட்டுப் போப்பா, வேலையா இருக்கேன்" என்றார்.

வெளியே வந்த மேனேஜர் எங்களிடம், "நானும் இப்படித்தான் சொல்றேனா?" என்று கேட்டார். மறுநாளிலிருந்து தன் டீயைத் தானே போய் எடுத்துக்கொண்டார்.

எனக்கும் முறை வந்தது. நான் ஜூனியர் கிளார்க். அப்பா சேவூரில் கூலித் தறி நெய்கிறவர். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கையெழுத்துப் போட்டவள் நான். இதை எங்கேயும் தலைநிமிர்ந்து சொல்வேன். எந்த அறை வாசலில் அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பாரோ, அதே அறையில் உட்கார்ந்தேன். மேனேஜர் என் முக்காலியில் இருந்தபடி சேலைகளுக்கு விலைச் சீட்டு ஒட்டினார். சட்டையெல்லாம் பசை.

அன்றைக்குப் பார்த்து, ஒரு நெசவாளர் கொண்டுவந்த சேலையை, தரம் பார்க்கும் செக்கர் வேண்டாமென்று தள்ளிவிட்டார். கரையில் சாயம் ஒரே சீராக இல்லையாம்.

"நூலுக்குச் சாயம் போட்டுக் குடுத்ததே நீங்கதானுங்களே!" என்று நெசவாளர் கெஞ்சினார்.

நியாயம்தானே? "சாயம் நம்முது. சேலைய எடுத்துக்குங்க. கூலியில கை வைக்காதீங்க" என்று செக்கரிடம் சொன்னேன்.

செக்கர் சிரித்தார். "ஒரு நாள் ராஜ்யத்துல இவ்ளோ ஜல்தி வேணாம்மா." நேராகப் போய்ச் சங்கத் தலைவரை அழைத்து வந்துவிட்டார்.

"எவன்யா பாஸ் பண்ணது?" என்றார் தலைவர்.

மேனேஜர் முக்காலியிலிருந்து எழுந்தார். "மேனேஜர்தான் சார். அதோ உக்காந்துகினு இருக்காங்க."

"அப்ப நீ யாரு?"

"இன்னிக்குச் சீட்டு ஒட்டறவன் சார்."

நாங்கள் சிரிப்பை அடக்கினோம். தலைவர் சிரிக்கவில்லை. "கூலிக்காரன் பொண்ண உக்கார வச்சிகினு கூத்தா நடத்தற? அவ சொன்னத இப்பவே ரத்து பண்ணு. இல்லன்னா தேசூர் குடோனுக்கு மூட்டை எண்ணப் போ."

"அவங்க சொன்னது சரி சார். ரத்து பண்ண மாட்டேன்."

அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரையும் தலைவர் கூப்பிட்டு விசாரித்தார். "ஆமாங்க, ஆபீசே கெட்டுப்போச்சு" என்றார்கள், மேனேஜர் கையால் டீ வாங்கிக் குடித்த முனுசாமி உட்பட. "கெடலை" என்றவள் நான் ஒருத்திதான். கூலிக்காரன் பெண் பேச்சு எடுபடுமா? மேனேஜர் ரத்து செய்யாததால் நெசவாளருக்கு முழுக் கூலி கிடைத்தது. மேனேஜருக்குத் தேசூர் கிடைத்தது.

பஸ் ஸ்டாண்டுக்கு நான் மட்டும்தான் போனேன். "நன்றி கெட்டவங்க சார்" என்றேன்.

"புள்ளகுட்டிக்காரங்கம்மா, இன்னா பண்ணுவாங்க? அடுத்த வெள்ளிக்கிழமை கேஷியர் முறை. மறந்துடுவாரு, ஞாபகப்படுத்து."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இப்போது செக்கர்தான் மேனேஜர். நாற்காலியில் வெள்ளைத் துண்டு விரித்திருக்கிறார். அவர் லீவு போட்டால் ஆபீசே முழிக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அந்த நாற்காலிக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுத்தான் என் இடத்துக்குப் போகிறேன். தனக்கென்று நினைத்து அவர் தலையை ஆட்டிக்கொள்கிறார். இதைப் படித்தாவது தெரிந்துகொள்ளட்டும்: அந்த வணக்கம் தேசூருக்குப் போகிறது.