ஹாரன் நைனாவுக்குத் தெரிந்த முதுகுகள்

மெட்ராஸில் மனிதர்களை முகத்தைப் பார்த்து அடையாளம் கண்டுகொள்ளும் சாதாரண ஆசாமிகள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். முதுகைப் பார்த்து அடையாளம் கண்டுகொண்ட மகான் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் லாரி கம்பெனியில் டிரைவராக இருந்தார். ஊரில் எல்லோரும் அவரை ஹாரன் நைனா என்றுதான் கூப்பிடுவார்கள். ஹாரனே அடிக்கமாட்டார் என்பதால் அந்தப் பட்டம்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். பி.ஏ. பாஸ் செய்த கையோடு பெரிய உத்தியோகம் ஒன்று என் வீட்டு வாசலில் வந்து நிற்கும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கடைசியில் மயிலாப்பூர் கச்சேரி ரோடு பக்கத்தில் ஒரு லாரி கம்பெனியில் குமாஸ்தாவாகப் போய்ச் சேர்ந்தேன். கம்பெனி என்றதும் பயந்துவிடாதீர்கள். ஒரு தகரக் கொட்டகை, ஒரு மேஜை, ஒரு முதலாளி, இரண்டு லாரி. அதில் ஒரு லாரி எப்போதும் படுத்த படுக்கை.

ஓடுகிற லாரிக்கும் பெட்ரோல் கிடையாது. பெட்ரோலையெல்லாம் பட்டாளம் குடித்துக்கொண்டிருந்தது. லாரியின் பின்பக்கம் ஒரு பெரிய இரும்புப் பீப்பாயைக் கட்டி, அதில் அடுப்புக்கரியைப் போட்டு எரித்து, அந்தக் கரிவாயுவில்தான் வண்டி ஓடவேண்டும். காலையில் பற்றவைத்து, கரியை ஊதும் காற்றாடியைச் சுற்ற ஆரம்பித்தால், நான் காபி சாப்பிட்டு, பேப்பர் படித்து, ஹிட்லரைப் பற்றி நாலு பேரோடு சண்டை போட்டுவிட்டு வந்த பிறகுதான் இஞ்சின் ஒரு தும்மல் போடும். வேகத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். கோயிலுக்குப் போகிற மாமிகள் எங்களை முந்திக்கொண்டு போவார்கள்.

சாமான் ஏற்றி இறக்குவதை மேற்பார்வை பார்க்க நானும் நைனாவுக்குப் பக்கத்தில் ஏறிக்கொள்வது வழக்கம். முதல் நாளே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரப்பர் பந்து வைத்த பித்தளை ஹாரன் கைக்கெட்டும் தூரத்தில் பளபளவென்று இருக்கிறது. மனிதர் அதைத் தொடவே இல்லை. அதற்குப் பதில் பாதி உடம்பை வெளியே நீட்டி, தெருவோடு பேசிக்கொண்டே ஓட்டுகிறார்.

"யக்கா, கீரக்கார யக்கா! கூடைய அந்தாண்ட இடுப்புக்கு மாத்திக்கோ, உரசிக்கினு வர்றேன்! ஜட்கா அண்ணாத்தே, உன் குதிர தூங்கிக்கினே நடக்குது, நீயாவது முயிச்சிக்கோ! வக்கீல் சாமி, கோர்ட்டுல போயி ரோசன பண்ணு சாமி, இது ரோடு!"

அத்தனை பேரும் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒதுங்கினார்கள். ரயில் போனதும் கேட் திறப்பது மாதிரி வழி திறந்தது.

"ஹாரன் ரிப்பேரா நைனா?" என்றேன்.

"ஷோக்கா கீது. தெனம் தொடைக்கிறேனே, பாக்கல?"

"அப்புறம் ஏன் அடிக்கவில்லை?"

"இன்னா பி.ஏ., நீ நடந்து போய்க்கினு கீறே. பின்னால வந்து நான் பாம்னு கத்துனா உனக்கு எப்டி இருக்கும்? அட, மாட்டையே பேரச் சொல்லிக் கூப்புடுறாங்க பா."

தர்க்க சாஸ்திரம் படித்தவன் நான். பீப்பாய்ப் புகையில் இருமிவைத்தேன்.

நாள் முழுக்க முன்னால் போகிறவர்களின் முதுகையே பார்த்துப் பார்த்து, மயிலாப்பூர் முதல் மாம்பலம் வரை, இந்தப் பக்கம் அடையாறு வரை, எல்லா முதுகும் அவருக்கு மனப்பாடம். இடது தோள் இறங்கியிருந்தால் சங்கீத வாத்தியார். சட்டைக் காலருக்குக் கீழே வியர்வை வட்டமாக இருந்தால் தபால்காரர். ஆனால் முகம்? சுத்தம்! எதிரே வருகிறவர்களை அவர் பார்ப்பதே இல்லை. "எதிர்ல வர்றவனுக்கு லாரி தெரியும், அவனா ஒத்திக்குவான். அவன் மூஞ்சிய நான் இன்னாத்துக்குப் பாக்கணும்?" என்பது அவருடைய சித்தாந்தம்.

இதனால் வந்த விபரீதங்கள் கொஞ்சநஞ்சமல்ல. ஒருநாள் கீரைக்காரம்மாள் கொட்டகைக்கே வந்து, "இன்னா நைனா, சொகமா?" என்று கேட்டாள். நைனா திருதிருவென்று விழித்தார்.

"யாரும்மா நீ?"

"நல்லா கீது நாயம்! தெனம் யக்கா யக்கான்னு கத்திக்கினு போறே, யாருன்னா கேக்கறே?"

"கொஞ்சம் அந்தாண்ட திரும்பு."

அவள் திரும்பினாள். நைனாவின் முகம் மலர்ந்துவிட்டது. "அட நம்ம கீரக்கார யக்கா! முன்னாடியே இப்டி நிக்க வேணாமா?"

"உங்கள் சம்சாரத்தையாவது முகத்தால் தெரியுமா?" என்று நான் வம்புக்கு இழுத்தேன்.

"தெரியாம இன்னா? அது எப்பவும் எனக்கு எதிர்ல நின்னுக்கினுதானே பேசும்."

ஜப்பான்காரன் குண்டு போட வருகிறான் என்று ஊரே மூட்டை கட்டியதே, அப்போது லஸ் முனையில் மாட்டுவண்டியும் கைவண்டியும் ஜட்காவும் சிக்கிக்கொண்டு ஒன்றும் நகரவில்லை. சுற்றிலும் மோட்டார்கள் தொண்டை கிழிய ஹாரன் அடித்தன. நைனா லாரியின் படியில் ஏறி நின்றார். மாமா, அண்ணாத்தே, பாய், யம்மா என்று ஒவ்வொரு முதுகாகக் கூப்பிட்டு, நீ இப்படி, நீ அப்படி என்று பிரித்தெடுத்தார். ஜப்பான்காரன் பார்த்திருந்தால் பயந்துபோய் வந்த வழியே திரும்பியிருப்பான். அவன் வராததற்கு அதுதான் காரணம் என்பது என் சொந்த அபிப்பிராயம்.

முதலாளிக்கு மட்டும் இதெல்லாம் பிடிக்கவில்லை. "என்னடா அம்பி இது? ஊர்ல எல்லார் லாரியும் பாம் பாம்ங்கறது. நம்மளது மட்டும் அக்கா அண்ணான்னு உறவு கொண்டாடிண்டு போறதே!" என்று என்னிடம் புலம்புவார். ஆனாலும் பொறுத்துக்கொண்டிருந்தார், சம்பந்தி விவகாரம் வெடிக்கிற வரைக்கும்.

முதலாளி தம் பெண்ணுக்கு ஓர் இடத்தில் நிச்சயம் செய்திருந்தார். பிள்ளையின் தகப்பனார் டெபுடி கலெக்டராக இருந்து ரிட்டயரானவர். அவர் எதிரில் காற்றுகூட உத்தரவு கேட்டுவிட்டுத்தான் வீசும். ஒரு காலையில் அவர் வடக்கு மாடவீதியில் உலாவப் போயிருக்கிறார். பின்னால் எங்கள் லாரி.

"யோவ் அப்பளக்கார மாமா! இன்னா, இன்னிக்கு கூடைய வூட்டுல உட்டுட்டியா? கைய வீசிக்கினு நடு ரோட்டுல போறே! ஓரமா போ!"

யார் முதுகும் தவறாத மனிதருக்கு அந்த ஒரு முதுகு தவறிவிட்டது. பெரியவர் திரும்பிப் பார்த்த பார்வையில் பீப்பாய்க் கரி தானாகவே பற்றியிருக்கவேண்டும்.

சாயங்காலமே கொட்டகைக்கு வந்துவிட்டார். முதலாளி நைனாவைக் கூப்பிட்டு, மன்னிப்புக் கேட்கச் சொன்னார். நைனா பணிவாகத்தான் வந்தார். பெரியவரின் முகத்தை உற்றுப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை.

"சாமி, கொஞ்சம் திரும்பி நில்லுங்க. யாருன்னு பாத்துக்கினு மன்னிப்பு கேக்குறேன்."

பெரியவர் அதிர்ச்சியில் திரும்பியே விட்டார். நைனா மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "என் மேல தப்பே இல்ல பி.ஏ. அச்சு அசலா அப்பளக்காரர் முதுகு!"

கல்யாணம் நிற்காமல் போனது முதலாளியின் பூர்வஜென்ம புண்ணியம். பெரியவர் போன பிறகு அவர் நைனாவிடம் கத்தக்கூட இல்லை. மெதுவாகப் பேசினார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"இதோ பாரும் நைனா. சம்பந்தி மாம்பலத்துல புது வீடு கட்டி, பால் காய்ச்சியாச்சு. வர புதன்கிழமை அவாத்து சாமானெல்லாம் நம்ம லாரியிலதான் போறது. பன்னண்டு மணிக்கு ராகுகாலம். அதுக்கு முன்னாடி சாமான் உள்ள போயாகணும். நானும் கூட வரேன். வழி பூரா ஹாரன்தான். உம்ம வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வந்துதோ, அங்கேயே சாவியைக் குடுத்துட்டு இறங்கிடலாம்."

நைனா வெளியே வந்து லாரியின் மட்கார்டில் சாய்ந்துகொண்டார்.

"வேறு கம்பெனியா இல்லை ஊரில்? ராயபுரத்தில் உங்களைக் கொத்திக்கொண்டு போவார்கள்," என்றேன்.

"ராயபுரத்துல எனக்கு ஒரு முதுகு தெரியுமா பி.ஏ.? அங்க போயி யாரக் கூப்புடுவேன்?" என்றார். துணியை எடுத்து ஹாரனைத் துடைக்க ஆரம்பித்தார்.

புதன்கிழமை வந்தது. நாற்காலி, பீரோ, ஊஞ்சல் பலகை, அண்டா, அரிசி மூட்டை எல்லாம் ஏறின. நைனா ஸ்டியரிங்கில், நடுவில் முதலாளி, ஓரத்தில் நான். மாடவீதி திரும்பியதும் முன்னால் கீரைக்காரம்மாள். நைனா ஹாரன் பக்கம் கையைக் கொண்டுபோனார். சுடுகிற பாத்திரத்தைத் தொடுவது மாதிரி தொட்டார்.

பாம்!

அவள் நகரவில்லை. அது தனக்கான சத்தம் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. மறுபடியும் பாம். யாரோ பெரிய மனுஷன் கார் போலிருக்கிறது என்று திரும்பியவள், நைனாவைப் பார்த்ததும் கூடையை நடுத்தெருவில் இறக்கிவைத்துவிட்டாள்.

"இன்னா நைனா! வாய்க்கு இன்னா ஆச்சி?"

நைனா முதலாளியை ஓரக்கண்ணால் பார்த்தார். பாம்.

"ஐயையோ! பேச்சு நின்னுபூட்சா!" அவள் போட்ட கூச்சலில் தெருவே திரும்பியது. ஜட்காக்காரர் குதித்து ஓடிவந்தார். "பல்லு கில்லு புடுங்கிட்டாங்களா நைனா?" அத்தர் விற்கிற பாய் நெஞ்சில் கைவைத்தார். "அரே, நேத்து கூட பாய், பாய்னு கூப்ட்டுக்கினு போனாரே! தொண்டைதான். இந்தா நைனா, கல்கண்டு. மெதுவா சப்பு."

நைனா கல்கண்டை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"ஒண்ணுமில்லை, எல்லாரும் போங்கோ! ஆளுக்கு உடம்பு நன்னாத்தான் இருக்கு!" என்று முதலாளி கத்தினார்.

"நல்லா இருந்தா அவரே சொல்லட்டும்," என்றார் ஜட்காக்காரர்.

"வண்டியை விடும் ஓய்!" என்றார் முதலாளி.

லஸ்ஸில் டிராம்காரர் மணியடிப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்துத் துக்கம் விசாரித்தார். நாங்கள் ஆழ்வார்பேட்டை போய்ச் சேருவதற்குள் சேதி எங்களை முந்திக்கொண்டு போய்விட்டது. அது சைக்கிளில் போயிற்று. நாங்கள் கரியில் போனோம். ஒவ்வொரு பாமுக்கும் நாலு பேர் திரும்பினார்கள், நின்றார்கள், கிட்டே வந்தார்கள். தேனாம்பேட்டையில் ஓர் இட்லிக்கடை அம்மாள் பெரிய லோட்டாவில் சுக்குக் கஷாயத்தோடு நடுரோட்டில் காத்துக்கொண்டிருந்தாள். அதைக் குடிக்காமல் லாரியை விடமாட்டேன் என்றாள்.

முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஓய், வாயைத் திறந்து தொலையும்!"

நைனா திறக்கவில்லை. விரலால் சாவியைக் காட்டினார்.

"சாவி உம்மதுதான் ஓய்! நானாக் கேக்கமாட்டேன். இந்த லாரி ஓடற வரைக்கும் நீர்தான் டிரைவர். என் பொண்ணு மேல சத்தியம், போறுமா? ராகுகாலம் வந்துண்டிருக்கு!"

நைனா கஷாயத்தை ஒரே மடக்கில் குடித்தார். லோட்டாவைக் கொடுத்தார். தலையை வெளியே நீட்டினார்.

"எல்லாரும் நல்லா கேட்டுக்கோங்க! எனக்கு ஒண்ணும் இல்ல! யம்மா இட்லிக்கார தாயே, கஷாயம் ஜோரு, இப்ப அந்தாண்ட போ! பால்கார தம்பி, மாட்ட இஸ்துக்கினு உள்ள போ! ரிக்சா மாமா, உன்னாண்ட எப்பவும் சொல்றதுதான், வளைவுல தூங்காதே!"

தேனாம்பேட்டையே சிரித்துக்கொண்டு ஒதுங்கியது. அந்த ஒரு நாள் எங்கள் கரி லாரி பறந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். ஒரு மாட்டுவண்டியைத் தாண்டினோம் என்றால் நம்பலாம்.

பாண்டி பஜார் தாண்டி நாங்கள் தெரு திரும்பியபோதே பெரியவர் வாசல் கேட்டை விரியத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார். "குரல் ரெண்டு தெருவுக்கு முன்னாடியே கேட்டுது," என்றார் முதலாளியிடம், கொஞ்சம் கடுப்பாகத்தான். ராகுகாலத்துக்கு முன் கடைசி அண்டாவும் உள்ளே போனது. அதன் பிறகு பெரியவர் மெல்ல நைனாவின் பக்கம் வந்தார். யாரும் பார்க்கவில்லையே என்று பார்த்துக்கொண்டு திரும்பி நின்றார்.

"இப்பவும் அப்படித்தான் இருக்கோ?"

"பொய் சொல்ல மாட்டேன் சாமி. கொஞ்சம் கூட மாறல."

பெரியவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். உள்ளேயிருந்து நைனாவுக்குக் காபி வந்தது.

அதை வைத்துக்கொண்டு லாரிப் படியில் உட்கார்ந்தார். குடிக்கவில்லை.

"இன்னும் என்ன நைனா? சாவி உங்களிடம்தானே இருக்கிறது?"

"அதில்ல பி.ஏ. இத்தினி வர்சமா கத்திக்கினு கீறேன், இந்த சாமியத் தவுர ஒருத்தரும் திரும்பிப் பாத்ததில்ல. கொரலு கேட்டா ஒதுங்கிப் போய்க்கினே இருப்பாங்க. இன்னிக்கு அந்தப் பாழாப்போன ஹாரன அட்ச்சேன், எல்லாரும் திரும்பிட்டாங்க. கீரக்கார யக்கா மூக்குத்தி போட்டுக்கினு கீது, அன்னிக்கு எதிர்லயே வந்து நின்னப்பகூட நான் கவனிக்கல பா. பாய்க்குக் கன்னத்துல குயி வியுது. எல்லாம் இன்னா லட்சணமா கீறாங்க!"

காபியைக் குடித்துவிட்டு எழுந்தார். காலி லாரி மயிலாப்பூருக்குத் திரும்பியது. முதலாளி புது வீட்டில் விருந்துக்குத் தங்கிவிட்டார். எதிரே காலை வியாபாரத்தை முடித்துக்கொண்டு வீடு திரும்பும் ஜனங்கள் வந்துகொண்டிருந்தார்கள். யார் எவர் என்று ஒருவரையும் தெரியாமல், எதிரே வந்த ஒவ்வொரு முகத்துக்கும் நைனா ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறுகையால் சலாம் போட்டுக்கொண்டே ஓட்டினார்.

நானும் போட்டேன்.