மீக்கேயைக் கொத்தக் கூடாது

மீக்கேயின் முதுகில் அன்றைக்கும் இறகு பிடுங்கப்பட்டு ரத்தம் கசிந்திருந்தது. லுட்கார்ட் அந்தச் சாம்பல் கோழியை ஏப்ரனில் சுற்றிக்கொண்டு மழையில் நனைந்தபடி அடுக்களைக்குள் வந்தாள். செலரி நறுக்கிக்கொண்டிருந்த அக்கா ஒடெட் தலையைத் தூக்காமலே தீர்ப்புச் சொன்னாள்.

"தினம் கொத்து வாங்கிச் சாகிறதுக்கு, ஞாயித்துக்கிழமை சூப்புல கிடக்கட்டும்."

பெல்ஜியத்தில், கென்ட் நகரத்துக்குத் தெற்கே, அப்பா விட்டுப்போன வீட்டில் சகோதரிகள் இருவர் மட்டும்தான். கல்யாணம் இருவருக்கும் ஆகவில்லை. வயது அறுபதைத் தாண்டிவிட்டது. டிவியில் எது ஓடுவது, முதல் காபி யாருக்கு என்பதெல்லாம் ஒடெட்டின் இலாகா. "சரிக்கா" என்பது லுட்கார்டின் இலாகா.

அன்றைக்கு அந்த வார்த்தை வரவில்லை.

"மாட்டேன்," என்றாள்.

ஒடெட்டின் கத்தி அந்தரத்தில் நின்றது.

லுட்கார்ட் துணி துவைக்கும் அறையைக் காலி செய்து, அக்காவின் இஸ்திரி மேஜையைப் பரணில் ஏற்றி, மீக்கேயை அங்கே குடிவைத்தாள். புண் ஆறியது. பழையபடி கூண்டில் விட்டாள். அதுவரை மாடாம் என்ற பெரிய கறுப்புக் கோழி மட்டும்தான் மீக்கேயைக் கொத்திக்கொண்டிருந்தது. இப்போது கூண்டிலிருந்த மற்ற ஐந்தும் சேர்ந்து பாய்ந்தன.

பக்கத்து ஊரில் கோழி வளர்க்கும் ஃபிர்மின் அந்த வழியாக வந்தபோது வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, பிரிச்சு வெச்சா அதுங்க மறந்துடும், இப்ப உங்க மீக்கே வெளியூர்க்காரி என்றார்.

அடுத்து, பகலில் கோழிகள் மேயும் தோட்டத்தின் மறுகோடியில் இன்னொரு தீவனத் தொட்டி வைத்தாள். ஒன்றை மாடாம் பிடித்துக்கொண்டால் மற்றதில் மீக்கே சாப்பிடட்டுமே என்று. மாடாமோ இரண்டையும் காவல் காத்து நாளெல்லாம் ஓடியது. ஓடியதில் அதற்கே சாப்பிட நேரமில்லை. பசியில் கோபம் ஏறியது. அந்தக் கோபமும் மீக்கேயின் முதுகில்தான் இறங்கியது.

மீக்கேக்குத் துணையாக இரண்டு புதுக் கோழிகள் வந்தன. வந்த இடத்தில் யாரை மிதிக்கலாம் என்பதை அவை ஒரு காலையில் கற்றுக்கொண்டு, தண்ணீர் குடிப்பதற்கு முன்பே மீக்கேயைக் கொத்தின.

கடைசியாக, கூட்டத்தை அடக்க ஃபிர்மினிடம் ஒரு சேவலை இரவல் வாங்கினாள். சேவல் மாடாமை ஒரு தடவை பார்த்தது. பேரிக்காய் மரத்தில் ஏறியது. அதற்கப்புறம் இறங்கவே இல்லை. அங்கிருந்தபடி தெருவையே எழுப்பியது. முறையிட வந்த எதிர்வீட்டுக்காரரை லுட்கார்ட் வாசலில் மறித்து, உங்க நாய் குரைக்கும்போது நான் வந்தேனா என்று கேட்டுத் திருப்பி அனுப்பினாள். கதவைச் சாத்தும்போது மனசுக்கு இதமாக இருந்தது.

மீக்கே மறுபடி வீட்டுக்குள் வந்தது. இந்த முறை கண்ணாடி வராந்தாவுக்கு. வெயில் அங்கேதான் நன்றாக விழும் என்பதால் ஒடெட்டின் சாய்வு நாற்காலியும் மீக்கேக்குப் போனது. டிவி சத்தத்தில் கோழி மிரண்டது, டிவி அணைந்தது. காபி வாசனை அதற்கு ஆகாது என்று லுட்கார்டுக்குத் தோன்றியது. ஒடெட் கோப்பையோடு மாடிப்படியில் உட்காரத் தொடங்கினாள்.

ஒருநாள் அவள் தணிந்த குரலில், "ஏண்டி, இது கோழிதானே," என்று ஆரம்பித்தாள்.

லுட்கார்ட் எழுந்தாள். பெரிய சூப்புப் பானையை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். கோழிகள் தண்ணீர் குடிக்க அதைக் கூண்டின் நடுவில் வைத்துவிட்டு வந்தாள்.

"இந்த வீட்ல இனிமே யாரும் யாரையும் கொத்தக் கூடாது, அக்கா. நான் விடமாட்டேன்."

ஒடெட், "சரிம்மா," என்றாள்.

மறுநாள் ஃபிர்மின் இஸ்திரி போட்ட சட்டையோடு வேனைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஒடெட் போன் பண்ணிக் கூப்பிட்டாளாம். கூட்டத்தில் எல்லாரையும் விரட்டுவது எதுவோ, அதைக் கொஞ்ச நாள் வெளியே கொண்டுபோய் வைத்தால்தான் மற்றவை நிம்மதியாகச் சாப்பிடும், திரும்பி வரும்போது அதுவும் அடங்கியிருக்கும் என்று அவரேதான் யோசனை சொன்னாராம்.

கடைசியில் அக்காவும் தன் பக்கம் வந்துவிட்டாள் என்று லுட்கார்ட் நம்பினாள். மழையில் ஓடி, கையெல்லாம் கீறல் வாங்கி, மாடாமைப் பிடித்துக் கூடையில் அடைத்துக்கொண்டு வந்து நீட்டினாள்.

ஃபிர்மின் கூடையை வாங்கவில்லை. தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

"கோழியை இல்லைங்க, லுட்கார்ட். என் பொண்டாட்டி உங்களுக்குத்தான் மாடி ரூம்ல படுக்கை போட்டு வெச்சிருக்கா."